ஜிம்முக்குப் போவது இரண்டாம் மாதமே நின்றுவிடுகிறது, தொடர்ந்து போக என்ன வழி?

கேட்டவர் சென்னையில் ஐடி வேலையில் இருப்பவர், வயது 34. மூன்று முறை வருடப் பேக்கேஜ் கட்டிச் சேர்ந்திருக்கிறார். மூன்று முறையும் ஆறேழு வாரம் ஒழுங்காகப் போயிருக்கிறார், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இப்போதைய பேக்கேஜில் இன்னும் ஐந்து மாதம் மிச்சம் இருக்கிறது. "எனக்கு மோட்டிவேஷனே நிற்பதில்லை, அதை எப்படித் தக்கவைப்பது? காலையில் போவது நல்லதா, மாலையிலா? பர்சனல் டிரெய்னர் வைத்தால் சரியாகுமா?" என்பதுதான் கேள்வி.

ஜிம்மில் பயிற்சியாளராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மூன்று தடவை பணம் கட்டி, ஒவ்வொரு தடவையும் ஆறேழு வாரம் வியர்க்க வியர்க்க உழைத்தவருக்கு ஆர்வம் இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன். ஆர்வம் வேண்டிய அளவு இருக்கிறது. வருடக்கணக்காக ஒரே ஜிம்முக்கு வருகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும், அவர்களும் நடுநடுவே காணாமல் போகிறவர்கள்தான். மகளின் பரீட்சை, சபரிமலை, சிக்குன்குனியா, வீடு மாற்றம் என்று பத்து நாள், மூன்று வாரம் வராமல் இருப்பார்கள். பிறகு ஒரு நாள் சர்வ சாதாரணமாக உள்ளே வந்து, பையை லாக்கரில் வைத்துவிட்டு வார்ம்-அப் தொடங்கிவிடுவார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பதிலில் பாதி, விட்டபின் திரும்பி வருவதைப் பற்றியே இருக்கும்.

ஆறேழு வாரத்தில் ஏன் நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். முதல் வாரம் உடம்பெல்லாம் வலிக்கும். பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வலி உச்சத்துக்கு வரும். மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சும். ஏதோ நடக்கிறது என்ற திருப்தியை அந்த வலியே கொடுத்துவிடும். இரண்டாம் மூன்றாம் வாரங்களில் தூக்கும் எடை மளமளவென்று ஏறும். ஐந்து கிலோ டம்பெல்லில் தடுமாறியவர் ஏழரை கிலோவை அலட்டிக்கொள்ளாமல் தூக்குவார். இது பெரும்பாலும் தசை வளர்ந்ததால் வருவதில்லை. இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க மூளையும் நரம்பும் கற்றுக்கொள்வதால் வருவது. இதை 1970களிலேயே ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டிவிட்டார்கள். தசை கண்ணுக்குத் தெரியும்படி பருக்க இன்னும் பல வாரம் பிடிக்கும். ஆக ஆறாவது வாரத்தில் நிலைமை என்ன? வலி கொடுத்த திருப்தி போய்விட்டது, எடை ஏறும் வேகம் குறைந்துவிட்டது, கண்ணாடியில் அதே தொப்பை நிற்கிறது. சரியாக இந்த நேரம் பார்த்து ஊரில் ஒரு கல்யாணம், ஆபீஸில் ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ், இல்லை ஒரு வைரல் காய்ச்சல் வந்தால் போதும்.

இடைவெளி வருவது உறுதி. ஜனவரி முதல் வாரம் சேரும் கூட்டத்தைப் பொங்கல் லீவே முதலில் சலித்துவிடும். ஊருக்குப் போன பலர் மாட்டுப் பொங்கலோடு ஜிம்மையும் முடித்துக்கொள்கிறார்கள். ஜூன், ஜூலையில் சேர்ந்தவர்களுக்கு ஆயுத பூஜை, தீபாவளி, கூடவே வடகிழக்குப் பருவமழை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்கிற வாரத்தில் பால் வாங்கப் போவதே பெரிய காரியம், ஜிம்முக்கு யார் போவார்கள்? தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஒரு வருடம் முழுக்க இடைவெளி விடாமல் போவேன் என்று கணக்குப் போடுவதே தப்பான கணக்கு.

இடைவெளிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். பத்து நாள் போகவில்லை. பதினோராவது நாள் போகலாம் என்று தோன்றும், உடனே மூன்று பயங்கள் வரும். தூக்கிய எடையை இப்போது தூக்க முடியாமல் போனால் அசிங்கமாக இருக்குமே என்பது ஒன்று. திரும்ப அந்த முதல் வார வலி வருமே என்பது இன்னொன்று. மூன்றாவது பயத்தை யாரும் வெளியே சொல்வதில்லை: உள்ளே நுழைந்ததும் டிரெய்னர் எல்லோர் முன்னாலும் "என்ன ப்ரோ, ஆளையே காணோம்?" என்று கேட்பார். அவர் பாசமாகத்தான் கேட்பார். ஆனால் குற்ற உணர்ச்சியோடு வருகிறவருக்கு அது குத்தும். (என்னோடு வேலை செய்யும் பையன்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருப்பது, திரும்பி வந்தவரிடம் எத்தனை நாள் வரவில்லை என்று கேட்கக் கூடாது, "இன்னைக்கு என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேள் என்பதே.) இந்த மூன்று பயத்தையும் தவிர்க்க மனசு ஒரு நல்ல சாக்கு கண்டுபிடிக்கும்: திங்கட்கிழமையிலிருந்து போகலாம். திங்கள் போனால் ஒன்றாம் தேதி. ஒன்றாம் தேதி போனால் தீபாவளி முடியட்டும். அப்புறம் தையில் பார்ப்போம்.

இந்தத் திங்கட்கிழமை, ஒன்றாம் தேதி ஈர்ப்பு சோம்பேறிகளின் கற்பனை என்று நினைக்காதீர்கள். ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஜிம் ஒன்றின் வருகைப் பதிவைப் பார்த்தார்கள். வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், புது வருடம், புதுப் பருவத் தொடக்கம், பிறந்தநாளுக்குப் பிந்தைய நாட்கள் எல்லாவற்றிலும் வருகை கூடியிருந்தது. அதாவது தொடங்குவதற்கு அந்த நாட்கள் உண்மையிலேயே உதவுகின்றன. அதே நாளுக்காகக் காத்திருந்தால் இடையில் உள்ள நாட்களெல்லாம் வீண். புதன்கிழமை மனசு வந்தால் புதன்கிழமையே போய்விடுங்கள். திங்களுக்கு வைத்தால் அது இன்னும் ஐந்து நாள் இடைவெளி, அவ்வளவுதான்.

திரும்பி வரும் நாளுக்கு என்று தனியாக ஒரு வொர்க்கவுட் வைத்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே. நான் சொல்லிக்கொடுப்பது இப்படி இருக்கும்: கடைசியாகத் தூக்கிய எடையில் பாதி, ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டே செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்), மொத்தம் நான்கு பயிற்சி. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். இன்னும் செய்யலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்போதே வெளியே வந்துவிட வேண்டும். இரண்டாவது நாள் முக்கால் எடை, மூன்றாவது நாள் பழைய எடை. விட்ட பத்து நாளையும் ஒரே நாளில் பிடிக்கிறேன் என்று இரண்டு மணி நேரம் போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியாது, அடுத்த இடைவெளி அங்கேயே தொடங்கிவிடும். காய்ச்சலுக்குப் பிறகு என்றால் இன்னும் நிதானம் வேண்டும். டெங்கு மாதிரி ஏதாவது வந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எடையைத் தொடாதீர்கள்.

எடை ரொம்பக் குறைந்துபோயிருக்கும் என்ற பயத்துக்கும் பெரிய ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் எடைப் பயிற்சி செய்தவர்களை அதன் பிறகு எட்டு மாதம் பின்தொடர்ந்தார்கள். 20 முதல் 35 வயதுக்காரர்களில் ஒரு பிரிவினர் பழைய பயிற்சியில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே செய்தார்கள், வாரத்துக்கு ஒரே ஒரு நாள். அதிலேயே சேர்த்த பலம் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தசையின் பருமனைக் காக்க அதைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டது. 34 வயதில் இருக்கும் உங்களுக்கு இது நல்ல செய்தி. ரிலீஸ் நடக்கிற மாதத்தில் மூன்று நாளும் முடியாது என்றால் முழுக்க விட வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வந்தாலே சேர்த்தது கைவிட்டுப் போகாது.

நான் சொல்வது என் அனுபவம் மட்டும் என்று நினைத்தால், 2021-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். மேலே சொன்ன மில்க்மேனும் ஏஞ்சலா டக்வொர்த்தும் சேர்ந்து, அமெரிக்காவில் பல கிளைகள் கொண்ட 24 ஹவர் ஃபிட்னெஸ் ஜிம்மின் 61,293 உறுப்பினர்களிடம் 54 விதமான உத்திகளை நான்கு வாரம் சோதித்தார்கள். நினைவூட்டல், பரிசுப் புள்ளி, ஊக்க வாசகம், திட்டமிடல் என்று எல்லாமே அதில் இருந்தன. அவற்றில் 45 சதவீதம் வாராந்தர வருகையை 9 முதல் 27 சதவீதம் வரை கூட்டின. முதலிடம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? வருவதாகச் சொன்ன நாளில் வராமல் போனவர் அதற்கடுத்து திரும்பி வந்தால் கொடுத்த சிறு போனஸுக்கு. நம் கணக்கில் சில ரூபாய்தான் பெறும். இன்னொன்றும் அதில் தெரிந்தது. நான்கு வாரம் முடிந்து உத்திகளை நிறுத்திய பிறகும் தாக்கம் காட்டியவை வெறும் 8 சதவீதம். வெளியிலிருந்து ஏற்றும் ஊக்கத்துக்கு ஆயுள் அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் ரீல்ஸில் யாரோ கத்தும் மோட்டிவேஷன் வீடியோ பார்ப்பதைப் பற்றி என் அபிப்பிராயமும் அதுவே. பார்த்து முடிக்கிற நேரத்தில் ஷூ மாட்டியிருக்கலாம்.

எத்தனை நாள் போனால் பழக்கமாகும் என்று எல்லோரும் கேட்பார்கள். 21 நாள் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது, அதை விட்டுவிடுங்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர், சாப்பாட்டுக்கு முன் சின்ன ஓட்டம் என்று ஆளுக்கு ஒரு செயல். அது தன்னிச்சையான பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று அந்த 12 வாரப் பதிவை வைத்துக் கணித்தார்கள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஜிம்முக்கென்றே எடுத்துக்கொண்டால், கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் நவீன் கௌஷலும் ரயன் ரோட்ஸும் புதிதாகச் சேர்ந்த 111 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2015-ல் எழுதினார்கள். வாரத்துக்கு நான்கு தடவையாவது, குறைந்தது ஆறு வாரம் போனவர்களிடம் பழக்கம் வேர் பிடித்திருந்தது. உங்கள் ஆறேழு வாரத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். வேர் பிடிக்கிற நேரத்தில்தான் ஒவ்வொரு தடவையும் செடியைப் பிடுங்கியிருக்கிறீர்கள்.

அந்தக் கனடா ஆய்வில் பழக்கம் உருவாக உதவியவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. ஒரே நேரத்தில் போவது போன்ற ஒழுங்கு ஒன்று, பயிற்சி சிக்கலில்லாமல் இருப்பது மற்றொன்று. இரண்டும் உங்கள் மற்ற கேள்விகளுக்கு வழி காட்டுகின்றன.

காலையா மாலையா? உடம்பின் பக்கம் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த நேரத்தை அடுத்தவர் உங்களிடமிருந்து பிடுங்க முடியாதோ, அந்த நேரம். ஐடியில் அமெரிக்க கிளையன்ட்டோடு வேலை என்றால் மாலை ஏழு மணி உங்கள் நேரம் கிடையாது, அது மேனேஜரின் நேரம். எப்போது வேண்டுமானாலும் கால் வரும். அப்படிப்பட்டவர் காலையில் வருவதுதான் சரி. ஆனால் ராத்திரி ஒரு மணிக்குப் படுத்துவிட்டு ஐந்தரைக்கு அலாரம் வைப்பது முட்டாள்தனம், நான்கு நாள் தாங்கும். உங்களுக்குக் காலை எட்டரை மணி ஒத்துவந்தால் எட்டரைக்கு வாருங்கள். அந்நேரம் கூட்டமும் குறைந்திருக்கும், பெஞ்ச் பிரஸுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மாலைதான் முடியும் என்கிறவர்களுக்கு ஒரே நிபந்தனை: ஆபீஸிலிருந்து நேராக ஜிம். வீட்டுக்குப் போய் டிரெஸ் மாற்றிவிட்டுப் போகலாம் என்பது தோற்கிற திட்டம். சோபாவில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். அதிலும் பழைய மகாபலிபுரம் சாலை டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து வந்தவர் திரும்ப வண்டியை எடுக்க மாட்டார். ஷூ, டவல், டி-ஷர்ட் எல்லாம் முந்தின ராத்திரியே பைக்குள் போய், பை பைக்கிலோ காரிலோ ஏறிவிட வேண்டும். ஜிம்மைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே அளவுகோல்தான். ஏசி, ஸ்டீம் பாத், வெளிநாட்டு மெஷின் இருக்கும் தூரத்து ஜிம்மைவிட, போகிற வழியில் இருக்கும் சுமாரான ஜிம் மேல். திருவல்லிக்கேணி, வியாசர்பாடிப் பக்கங்களில் நாலு பெஞ்ச், துருப்பிடித்த பிளேட், ஒரு ஃபேன் மட்டுமே இருக்கும் ஜிம்களில் உருவான உடம்புகளைப் பார்த்தால் மெஷின் பேச்சே எடுக்க மாட்டீர்கள்.

நேரத்தையும் இடத்தையும் மனசுக்குள் வைத்திருந்தால் போதாது, எழுதுங்கள். "செவ்வாய், வியாழன், சனி காலை எட்டரை, வீட்டிலிருந்து நேராக ஜிம்" என்று. அற்பமாகத் தோன்றும். பிரிட்டனில் 2002-ல் வெளியான சாரா மில்ன் குழுவினரின் ஆய்வில், அடுத்த வாரத்தில் ஒரு முறையாவது இருபது நிமிடம் தீவிரமாக உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். ஒன்றும் செய்யாமல் விட்ட பிரிவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். உடற்பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று ஊக்கமூட்டும் தகவல் கொடுத்த பிரிவில் 35 சதவீதம். அதே தகவலோடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதச் சொன்ன பிரிவில் 91 சதவீதம். மோட்டிவேஷன் மட்டும் கிடைத்தவர்கள் ஒன்றும் கிடைக்காதவர்களைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெண்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், நியாயம்தான். எந்த நேரம் உங்கள் நேரம் என்று கேட்டால் பலருக்கு அப்படி ஒரு நேரமே கிடையாது. காலையில் டிபன், லஞ்ச் பாக்ஸ், மாலையில் டியூஷன், ஹோம்வொர்க். 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், போதிய உடல் உழைப்பு இல்லாத இந்தியப் பெண்கள் 57 சதவீதம், ஆண்கள் 42 சதவீதம். வீட்டு வேலை முழுக்கத் தலையில் இருப்பவரிடம் போய் மன உறுதி பற்றிப் பேசுவது அபத்தம். அந்த வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் காலை டிபன் வேலையைக் கணவர் எடுத்துக்கொள்கிறாரா என்பதே கேள்வி. பல ஜிம்களில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை லேடீஸ் பேட்ச் வைப்பது இதனால்தான். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அதுவும் உதவாது என்பது வேறு விஷயம்.

உள்ளே வந்தபின் செய்வதும் நாளைக்கு நீங்கள் வருவீர்களா என்பதைத் தீர்மானிக்கும். முதல் நாளே ஆளை வாந்தி எடுக்கவைத்தால்தான் நல்ல கோச் என்று நினைக்கும் டிரெய்னர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மூச்சு வாங்கிப் பேச முடியாத அளவுக்கு வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலோருக்கு அது வேதனையாகவே மனதில் பதியும். பயிற்சியின்போது எப்படி உணர்ந்தார்கள் என்பதற்கும் மாதங்கள் கழித்து எவ்வளவு பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கும் தொடர்பு இருப்பதாக அமெரிக்காவில் டேவிட் வில்லியம்ஸின் ஆய்வு காட்டுகிறது. டிரெட்மில் பிடிக்கவில்லை என்றால் ஏறாதீர்கள். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) அல்லது லெக் பிரஸ் (மெஷினில் காலால் எடையைத் தள்ளுவது), நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று. தொடக்கத்தில் இந்த நாலே போதும். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் பைசெப்ஸ் என்று ஆறு நாள் அட்டவணை போட்டுக்கொண்டால் ஒரு நாள் தவறியதும் மொத்தமும் கலைந்துவிடும். போகிற ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் செய்தால் எந்த நாள் விட்டுப்போனாலும் எதுவும் கலையாது.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, பயிற்சி, எடை, எத்தனை ரெப் (ஒரு செட்டில் எத்தனை தடவை) என்று எழுதுங்கள். கண்ணாடியும் எடை பார்க்கும் மெஷினும் ஆறாவது வாரத்தில் உங்களைக் கைவிடும் என்றேன் அல்லவா, அந்த நேரத்தில் முன்னேற்றத்தைக் காட்டப்போவது இந்த நோட்டு மட்டும்தான். எடை மெஷின் ஒரு நாள் கல்யாணச் சாப்பாட்டுக்கே ஒரு கிலோ கூடக் காட்டும். நோட்டில் இருக்கும் நாற்பது கிலோ நாற்பது கிலோதான். இடைவெளிக்குப் பிறகு திரும்பும்போது பாதி எடை என்றால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும்.

பாட்டு, பார்ட்னர் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிம்மில் இருக்கும்போது மட்டும் கேட்கலாம் என்று பிடித்த ஆடியோ கதை ஒன்றை ஒதுக்கிவைப்பது வேலை செய்யும். மில்க்மேன் குழுவினர் 226 பேரிடம் இதைச் சோதித்தபோது, கதையை ஜிம்மில் மட்டுமே கேட்க முடிந்தவர்கள் தொடக்கத்தில் 51 சதவீதம் கூடுதலாக வந்தார்கள். போகப்போக அது தேய்ந்தது, நடுவில் வந்த விடுமுறை வாரம் முற்றிலும் துடைத்துவிட்டது. இங்கும் இடைவெளிதான் வில்லன். பார்ட்னர் கிடைத்தால் நல்லது, ஆனால் அவர் வராத அன்று நீங்களும் வராமல் போகும் ஒப்பந்தம் வேண்டாம். இரண்டு நண்பர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் பெரும்பாலும் ஒன்றாகவே நின்றும்விடுகிறார்கள்.

பர்சனல் டிரெய்னர் பற்றி, நானே டிரெய்னர் என்பதால் நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். முதல் ஒன்றிரண்டு மாதம் வைத்துக்கொள்வது பணத்துக்குத் தகும். ஸ்குவாட்டில் முதுகு வளையாமல் உட்காரவும், தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்டில் இடுப்பிலிருந்து மடங்கவும் நேரில் கற்றுக்கொள்வதற்கு ஈடாக எந்த வீடியோவும் இல்லை. அதற்கு மேல், உங்களை வரவைப்பதற்காக மட்டும் ஒருவருக்கு மாதாமாதம் பணம் கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது. இந்தத் தொழிலில் டிரெய்னர்கள் அடிக்கடி ஜிம் மாறுவார்கள். அவர் போன அன்றே உங்கள் பழக்கமும் போய்விடும். வைப்பதாக இருந்தால் சேரும்போதே கேளுங்கள்: "ரெண்டு மாசத்துல நான் தனியா பண்ற மாதிரி சொல்லித் தருவீங்களா?" இதற்கு முகம் மாறுகிறவரை வைக்காதீர்கள். மூன்றாவது நாளே புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டுகிறவரையும்தான். முட்டை, பயறு, சுண்டல், மீன், தயிர் ஒழுங்காகச் சாப்பிடுகிற தொடக்கக்காரருக்கு அது அவசரத் தேவை இல்லை.

ஒருவேளை ஜிம்மே உங்களுக்குப் பிடிக்காத இடமாக இருக்கலாம், அதையும் யோசியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது. முதல் பகுதியைப் பெசன்ட் நகர் கடற்கரையில் வேகமாக நடந்தோ, பக்கத்துக் கோர்ட்டில் ஷட்டில் ஆடியோ முடித்துவிடலாம். எடை தூக்க மட்டும் இரண்டு நாள் ஜிம். கனடா ஆய்வு நான்கு நாள் என்கிறதே என்றால், முதல் ஆறேழு வாரத்துக்குத்தான் அந்தக் கணக்கு. அந்த வாரங்களில் நான்கு நாள் எட்டிப் பார்த்துவிடுங்கள், அதில் இரண்டு நாள் இருபது நிமிட லேசான பயிற்சியாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு இரண்டு, மூன்று நாளுக்கு இறக்கிக்கொள்ளலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சில் ஏதாவது தொந்தரவு இருந்தால் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பணக் கணக்கு. வருடப் பேக்கேஜ் கட்டினால் பணம் போகுமே என்ற பயத்தில் போவோம் என்று நினைத்துத்தான் மூன்று தடவை கட்டியிருப்பீர்கள். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிகே மால்மெண்டியரும் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களை மூன்று வருடப் பதிவேட்டில் ஆராய்ந்து 2006-ல் எழுதிய கட்டுரை பொருளாதார உலகில் பிரபலம். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. அதே ஜிம்மில் பத்து வருகை பாஸ் வாங்கியிருந்தால் ஒரு வருகைக்குப் பத்து டாலர்தான். கட்டும்போது நாம் எல்லோரும் நம்மைப் பற்றி அதிகமாகவே மதிப்பிடுகிறோம், கட்டிய பணம் நம்மை இழுத்துப் போவதில்லை. வருடத்துக்கு 12,000, மாதத்துக்கு 1,500 என்று ரிசப்ஷனில் கணக்குக் காட்டி வருடப் பேக்கேஜைத் தள்ளிவிடுவார்கள். ஆறு வாரம் போய் நிற்கிறவருக்கு மாதச் சந்தாவில் 3,000 ரூபாயோடு போயிருக்கும்.

அதனால் அடுத்த முறை மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கட்டுங்கள், கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. வருடத்துக்குத்தான் கட்டுவேன் என்றால், ஊருக்குப் போகும்போதோ உடம்பு சரியில்லாதபோதோ பேக்கேஜை நிறுத்திவைக்கும் வசதி உண்டா, எத்தனை நாள் வரை என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். இப்போது மீதமிருக்கும் ஐந்து மாதத்துக்கு நீங்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற நாள் என்ன கிழமையோ, அதற்கு மறுநாள் பாதி எடை, இரண்டு செட், நாலு பயிற்சி. டிரெய்னர் "ஆளையே காணோம்?" என்று கேட்டால், "வந்துட்டேன்ல, நோட்டைப் பாருங்க, லெக் பிரஸ் எவ்வளவுல விட்டேன்?" என்று கேளுங்கள்.